கல்லின் முதுகு

குறிக்காரருக்கு வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்தபோது, அவர் வாயிலிருந்த சொற்களும் கூடவே போய்விட்டன. ஒன்றே ஒன்று மிஞ்சியது. "ஆமா." தண்ணி வேணுமா? ஆமா. வேண்டாமா? ஆமா. வலிக்குதா? ஆமா. முப்பத்தொரு வருஷத்தில் பெண்டாட்டி சொன்ன எதற்கும் ஒரு தடவைகூட ஆமாம் போட்டறியாத மனுஷன் அவர். "கல்யாணமாகி இப்பத்தான் என் பேச்சு இந்தக் குடும்பத்துல எடுபடுது" என்று ஆஸ்பத்திரியில் அவர் மனைவி நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு துணி அலச வேண்டும் என்று சொல்லிக் குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

குறிக்காரர் என்றால் குறி சொல்கிறவர் அல்ல. குறி சொல்லத் தெரிந்திருந்தால் இந்தக் கதிக்கு வந்திருப்பாரா? அவர் குறி போடுகிறவர். மலைமேல் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதன் வாசலில் தொடங்கி, மூன்று கிராமங்கள் வழியாக இறங்கி, ஊர் எல்லையிலிருக்கும் கல்பாலத்தில் வந்து முடிகிற பதின்மூன்று கிலோமீட்டர் நடைபாதைக்கு அவர்தான் ஆள். நடைப்பயண அலுவலகம் சீசன் மாதங்களில் ஆட்களைக் காலையில் வேனில் ஏற்றிக் கோட்டை வாசலில் கொண்டுபோய் விடும். அவர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக, இடிந்த காவல் கோபுரத்தையும் படித்துறைக் குளத்தையும் ஓட்டு வீடுகளையும் பார்த்துக்கொண்டு மெள்ள நடந்து சாயங்காலம் பாலத்துக்கு வந்து சேர்வார்கள். வேன் சும்மா நிற்கும்போது நடந்து வருகிற கூட்டத்தை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்! அவர்கள் வழி தவறாமலிருக்க, கல்லிலும் மதிலிலும் மரத்திலும் மஞ்சள் பெயிண்டால் அம்புக்குறி போட்டிருக்கும். மொத்தம் நூற்று நாற்பத்தாறு. வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் அத்தனையையும் புதுப்பிக்க வேண்டும்.

இந்த வேலைக்குச் சம்பளத்தோடு ஒரு வீடும் உண்டு. அலுவலகத்துக் கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு குழாய், துணி காயப்போட நாலு முழம் கொடி. குறி போடுகிறவருக்குத்தான் அந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மாமியார், மாமனார், கொழுந்தன் என்று ஒரே அறையில் ஏழு பேர். படுக்கையில் கிடக்கிற மனுஷனைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்க முடியுமா? தம்பி இருக்கிறான், தம்பிக்கு வாய்த்தவளும் இருக்கிறாள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபதாம் நாள், மேற்பார்வையாளர் பார்க்க வந்தார். வெயிலோ மழையோ குடை இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை, அதனால் ஊரில் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். அவர் வருகிறார் என்று பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரம்மா ஓடிவந்து சொன்னதும், இரண்டு பெண்களுமாகக் குறிக்காரரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, வலது கையைப் போர்வைக்குள் மறைத்து, இடது கையில் ஒரு பிரஷைக் கொடுத்தார்கள்.

"உடம்பு தேவலையா?" என்றார் குடைக்காரர், வாசலில் நின்றபடியே.

"ஆமா" என்றார் குறிக்காரர்.

"பதினஞ்சாம் தேதி நான் கோட்டையிலருந்து நடந்து பார்க்கணும். பதினேழாம் தேதி முதல் கூட்டம் வருது. அதுக்குள்ள எல்லாம் அடிச்சிடுவீங்களா?"

"ஆமா."

"நீங்களே போயிடுவீங்களா? முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஆள் பார்த்துடலாம். மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேண்டாம்."

"ஆமா, ஆமா" என்றார் குறிக்காரர். அதை எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். குடைக்காரருக்கு இளகிய மனசு, அவசரமும் இருந்தது. நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். இஸ்திரிக்காரம்மா கதவைச் சாத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அக்கா, அண்ணன் பாஸாயிட்டாரு!"

"பாஸாயிட்டாரு. பரீட்சை எழுதப்போறது யாரு?" என்றாள் குறிக்காரர் மனைவி.

வேறு யார்? அவளேதான். பன்னிரண்டு நாள் இருந்தது. பரணில் பெயிண்ட் டப்பாக்கள், கம்பி பிரஷ், அம்பு வடிவத்தில் வெட்டிய தகர அச்சு எல்லாம் பத்திரமாக இருந்தன. அச்சைக் கல்லில் அழுத்திப் பிடித்து மேலே பிரஷை இழுத்தால் அம்பு விழுந்துவிடும், சின்னப் பிள்ளைகூடச் செய்யும். எந்த இடத்தில் எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்பதற்கு அவருடைய நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில், ஒன்று, கோட்டை வாசல் தூண், நேர். இரண்டு, பீரங்கி மேடை, இடது. மூன்று, சரிந்த மதில், வலது. இப்படியே போய்க் கடைசிப் பக்கத்தில் நூற்று நாற்பத்தாறு, பாலத்துக் கல், நேர். அழகான கையெழுத்து. கட்டிக்கொண்டவளிடம் வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசிய மனுஷன் கற்களைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதியிருந்தார்.

அந்தப் பாதையில் அவள் ஒரு நாளும் நடந்ததில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு தடவை கேட்டாள். "வேலைக்குப் போற இடத்துக்குப் பொம்பளை எதுக்கு?" என்றார். அப்புறம் மகள் பிறந்தாள், அப்புறம் மாமியார் படுத்தாள், அப்புறம் கேட்பதே விட்டுப்போயிற்று. அவர் எப்போதும் வேனில் ஏறிக் கோட்டைக்குப் போய், மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு வருவார். இவளால் வேனில் ஏற முடியாது. வேன் டிரைவர் நல்லவன்தான், ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது. ஏறின மறுநிமிஷம் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் காலையில் இஸ்திரிக்காரம்மாவை அவருக்குக் காவலாக வைத்துவிட்டு, காய்கறிப் பையில் பெயிண்டை மறைத்து எடுத்துக்கொண்டு, பாலத்திலிருந்தே மேலே ஏறத் தொடங்கினாள். நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிப் படித்துக்கொண்டு போனாள்.

பாலத்துக் கல் வெறும் கல்லாக இருந்தது. ஒரு சொட்டு மஞ்சள் இல்லை. "இந்த மனுஷன் போன வருஷம் இங்க அடிச்சாரா, அடிச்சேன்னு எழுதி வெச்சாரா?" என்று வாய்விட்டே கேட்டாள். கம்பி பிரஷால் பாசியைத் தேய்த்து, அச்சை வைத்து, பெயிண்டைப் பூசி, அச்சை எடுத்தாள். பளீரென்று ஒரு அம்பு. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது, ஏதோ பரிசு வாங்கின மாதிரி. அடுத்தது, சுமைதாங்கிக் கல், வலது. அதுவும் மொட்டையாக இருந்தது. அதற்கடுத்த புளியமரமும் அப்படியே. ஒரே மழைக்காலத்தில் இப்படியா சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போகும் என்று நினைத்தாள். இரண்டொரு இடத்தில் கல்லின் ஓரத்தில் மஞ்சள் ஒழுகின தடம் தெரிந்தது. பாவம், அப்போதே கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை என்று இரக்கப்பட்டாள்.

முதல் கிராமத்துக்குள் நுழைவதற்கு முன்னால் வழி மூன்றாகப் பிரிந்தது. நோட்டில் 'இடது' என்று இருந்தது. இடதுபக்கம் ஒரு மாட்டுக்கொட்டகை, அதற்கப்பால் குப்பைமேடு. கோட்டைக்கு எது வழி என்று புல் சுமந்து வந்தவளிடம் கேட்டாள். வலதுபக்கம் கைகாட்டினாள். ஊருக்குப் போகிற வழியோ இவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அப்படியானால் அம்பு எதற்கு மாட்டுக்கொட்டகையைக் காட்ட வேண்டும்? கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். முப்பத்தொரு வருஷம் நடந்தவர் எழுதியிருக்கிறார், இன்றைக்குப் பிரஷைத் தொட்டவள் நான், எனக்கென்ன தெரியும் என்று நினைத்து, அச்சை இடதுபக்கம் திருப்பிவைத்து அடித்தாள்.

அன்றைக்கு முப்பத்துநாலு அம்பு. முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தது. இறங்கி நடக்கத் தெம்பில்லை, கிராமத்திலிருந்து பஸ் பிடித்து ரோடு வழியாக வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் அதே பஸ்ஸில் போய், விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

உண்மையைச் சொன்னால், அந்த இரண்டாம் நாள் காலை அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. புருஷன் கட்டிலில் கிடக்கிறார், வீடு இருக்குமோ போகுமோ தெரியாது, ஆனாலும் இருந்தது. இருபுறமும் தாழ்ந்த கல்மதில், அதன்மேல் ஓணான்கள், வாய்க்காலில் சத்தமில்லாமல் ஓடுகிற தண்ணீர். எந்தக் காலத்திலோ யாரோ கட்டிய காவல் கோபுரம் பாதி இடிந்து நின்றது, மீதியில் கிளிகள் குடியிருந்தன. அதற்குக் கீழே நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, இதையெல்லாம் இத்தனை வருஷமாக ஒருத்தராகவே வைத்துக்கொண்டிருந்தாரே என்று நெஞ்சுக்குள் ஒரு புகைச்சல் எழுந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்தாள்.

இரண்டாவது கிராமத்து டீக்கடை அம்மாளுக்கு மஞ்சள் படிந்த விரல்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "நம்ம குறிக்காரர் ஆளா நீங்க? அவர் எங்க, ஆளையே காணோம்? வந்தா கடையே கலகலன்னு இருக்கும். பாட்டென்ன, கதையென்ன!"

பாட்டா? அவளுக்கு டீ புரையேறியது. "நான் அவர் வீட்டம்மா" என்றாள். "அவருக்கு உடம்பு சரியில்லை. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"அடடே, நீங்களா!" டீக்கடை அம்மாள் அவளைக் கால்முதல் தலைவரை பார்த்தாள். "உங்களுக்கு முட்டி போயிடுச்சு, பத்தடி நடக்க முடியாதுன்னு சொல்வாரே! ஏன் ஒரு நாள் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரக் கூடாதான்னு நாங்க கேட்கிறப்பல்லாம் அதைத்தான் சொல்வாரு. எத்தனை வருஷமா! இப்ப தேவலையா?"

"தேவலை" என்றாள் அவள். வேறென்ன சொல்வாள்? நேற்றுவரை அவளுக்கு முட்டி வலி என்றால் என்னவென்றே தெரியாது. கிணற்றில் தண்ணீர் இறைத்து, மாமியாரைத் தூக்கிக் குளிப்பாட்டி, கிடங்கைப் பெருக்கி, ரேஷன் மூட்டையைத் தலையில் சுமந்து வந்த கால்கள் அவை. உயிரோடிருக்கிறவளை ஊர் ஊராக நொண்டியாக்கி வைத்திருக்கிறார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனாள். அன்றைக்கு அம்புகளை அழுத்தி அழுத்தி அடித்தாள்.

அன்று சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் என்ன வரும்? ஆமாதான் வரும். ஆனால் வேலைச் சந்தேகம் ஒன்று இருந்தது. படித்துறைக் குளத்து மதில் மூலையில் நோட்டு இடது என்கிறது, இடதுபக்கம் நேரே குளத்துக்குள் இறங்குகிற படிக்கட்டு.

"ஏங்க, பாலத்துலருந்து ஏறிப் போறப்ப அந்த மூலை வருதுல்ல, அதுல இடதுன்னு எழுதியிருக்கீங்க. இடது பக்கம் தண்ணியால்ல இருக்கு? நான் இடதுதான் அடிச்சிருக்கேன். சரிதானே?"

"ஆமா!" என்றார். கண் இரண்டும் அகல விரிந்தது. "ஆமா! ஆமா! ஆமா!" இடது கையால் கட்டில் சட்டத்தைப் படார் படாரென்று அடித்தார். கஞ்சி தெறித்தது.

இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் இந்நேரம் புரிந்திருக்கும். நோட்டிலிருக்கிற இடமும் வலமும் மேலிருந்து இறங்குகிறவருடைய இடமும் வலமும். அம்புகள் இருப்பதும் கல்லின் மேல்பக்கத்து முகத்தில், இறங்கி வருகிறவன் கண்ணுக்கு நேரே. கீழிருந்து ஏறுகிறவளுக்குத் தெரிவது கல்லின் முதுகு. முப்பத்தொரு வருஷமும் அவர் முகத்தில் மட்டும்தான் அடித்தார். கீழிருந்து யாரும் வருவதில்லையே, எதற்கு அடிப்பார்? அவள் முதுகு முதுகாகத் தேய்த்து, முதுகு முதுகாக அடித்துக்கொண்டு போயிருக்கிறாள். திரும்பிப் பார்க்கக் கூடாதா என்பீர்கள். கையில் பெயிண்ட், இடுப்பில் வலி, கண் நோட்டில், மனசு அடுத்த கல்லில், ஏறுகிறவள் எதற்குத் திரும்பிப் பார்ப்பாள்? மதிலும் புதரும் மறைக்காத இடத்தில் ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். விதி, திரும்பவில்லை.

குறிக்காரருக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. இடது கையை அவள் முகத்துக்கு எதிரே நீட்டினார். உள்ளங்கையைக் காட்டினார், புறங்கையைக் காட்டினார். மறுபடி உள்ளங்கை, மறுபடி புறங்கை. நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டது.

"என்ன? தலையணையைத் திருப்பிப் போடணுமா?"

"ஆமா" என்றார், அழுகிற குரலில். அவள் தலையணையைத் திருப்பிப் போட்டாள். அவர் கையைக் கீழே போட்டுவிட்டு விம்மி விம்மி அழுதார். வாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனக்காக இவள் இந்தப் பாடு படுகிறாளே என்று அழுகிறார், கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். முட்டியைப் பற்றிய கோபம்கூடப் பாதி இறங்கிவிட்டது. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் கோட்டை வாசல் தூணில் கடைசி அம்பை அடித்தாள். நோட்டில் அது ஒன்றாம் எண். டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குப் பெயிண்ட் மிச்சம். கோட்டைக்குள் போய் மதில் விளிம்பில் நின்று பார்த்தபோது, மூன்று கிராமங்களும் பாலமும் கிடங்கின் தகரக் கூரையும் தெரிந்தன. அந்தக் கூரைக்குப் பின்னால் அவள் வீடு. நூற்று நாற்பத்தாறும் முடிந்தது, இனி அந்த வீட்டை யாரும் பிடுங்க முடியாது என்று எண்ணி, வாய்க்குள்ளேயே ஒரு பாட்டை முணுமுணுத்தாள். கோட்டைக்கு நாளுக்கு ஒரே பஸ், அது மூன்று மணிக்கு வந்தது.

பதினைந்தாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கே பாலத்தில் போய் நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். "அவர் களைச்சுப் படுத்துட்டாரு, அதான் நான் வந்தேன்" என்று சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஐந்தேகாலுக்கு வளைவில் குடை தெரிந்தது.

குடைக்காரர் முகம் சிவந்திருந்தது. வெயிலால் மட்டும் அல்ல.

"என்னம்மா இது? பதிமூணு கிலோமீட்டர் நடந்து வர்றேன், ஒரு அம்புகூடப் புதுசு இல்லை. எல்லாம் போன வருஷத்து வெளிறின பெயிண்ட். 'ஆமா ஆமா'ன்னு அன்னைக்குத் தலையாட்டினாரே? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கண் கோளாறு, பாவம், வயசாகிறது. "என்ன சார் சொல்றீங்க? நூத்தி நாப்பத்தாறும் அடிச்சாச்சே! இதோ, உங்க பக்கத்துலயே இருக்கு பாருங்க" என்று பாலத்துக் கல்லை நோக்கி நடந்தாள். "இந்தப் பக்கம் வாங்க. இங்க. இது என்ன?"

குடைக்காரர் கல்லைச் சுற்றி வந்தார். பளீரென்றிருந்த மஞ்சள் அம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபம் அப்படியே வடிந்துபோயிற்று. அவர் கோபமாகவே இருந்திருக்கலாம் என்று அவள் பிறகு நினைத்துக்கொண்டாள்.

"இது யாரு அடிச்சது?"

"அவர்தான்."

"அம்மா, அவர் இந்தப் பக்கம் அடிக்க மாட்டாரு" என்றார் மெதுவாக. குடையை மடக்கிவிட்டுப் பாதையில் பத்துப் பதினைந்து அடி மேலே போய் நின்றார். "இங்க வாங்க. வந்து என் பக்கத்துல நில்லுங்க. இப்பக் கல்லைப் பாருங்க."

போய் நின்று பார்த்தாள். கல்லின் மறுமுகத்தில், வெளிறிப்போய், வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்தொரு பூச்சு ஏறித் தடித்த ஒரு பழைய அம்பு இருந்தது. அவள் அடித்தது அங்கிருந்து தெரியவே இல்லை. சுமைதாங்கிக் கல்லில், புளியமரத்தில், மாட்டுக்கொட்டகையில், குளத்தங்கரையில் என்று ஒவ்வொன்றாக அவள் மனசுக்குள் திரும்பியது. நல்ல சேலையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் சார் அடிச்சேன்" என்றாள். "அவருக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் இல்லை. ஒரு நாலு நாள் குடுங்க சார். இப்பத் தெரிஞ்சுபோச்சு. மேலருந்து வந்து சரியா அடிச்சிடுறேன். பெயிண்ட் பத்தலைன்னாலும் எப்படியாவது வாங்கிடுறேன். நாலு நாள்!"

"நாளன்னைக்குக் கூட்டம் வருதும்மா."

"ரெண்டு நாள்ல அடிக்கிறேன்! விடியுறதுக்கு முன்னாலயே போயிடுறேன்!"

குடைக்காரர் பாலத்துக்கு அப்பால் எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார். "மத்தியானம் ரெண்டாவது கிராமம் வரைக்கும் வந்து பார்த்தேன். ஒண்ணும் அடிக்கலைன்னு நினைச்சு அங்கருந்தே போன் பண்ணி வேற ஆளுக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வர்றான். அவனும் குடும்பஸ்தன். வீட்டை நம்பித்தான் வர்றான். இப்ப வராதேன்னு எப்படிச் சொல்றது?" மடக்கின குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருந்தால் மட்டும் வீட்டை விட்டுவைத்திருப்பாரா? ஒருவேளை விட்டுவைத்திருப்பார், யார் கண்டது. அந்த ஒருவேளை அவளை அன்று முழுக்கத் தின்றது. மாதக் கடைசிவரை இருந்துகொள்ளலாம் என்றார் அவர். போகும்போது தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். தப்பான அம்பு பாதையில் இருக்கக் கூடாது, குளத்துப் படியைக் காட்டுகிற அம்பைப் பார்த்து யாராவது பிள்ளைகள் இறங்கினால் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல முடியாது. புது ஆளுக்குத் தன் வேலைக்கே நேரம் போதாது. அதனால், அடித்தவர்களே அழித்துவிட்டால் நல்லது.

மறுநாள் காலை அவள் வேனில் ஏறினாள். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. பக்கத்தில் புது ஆள், மரியாதை தெரிந்தவன். "உட்காருங்கம்மா, ஜன்னல் பக்கம் காத்து வரும்" என்றான். கோட்டை வாசலில் இறங்கி இருவரும் ஒரே தூணில் தொடங்கினார்கள். முகத்தில் அவன் பழைய அம்பின்மேல் புதுசு அடித்தான். முதுகில் இவள் கம்பி பிரஷால் தன் அம்பைச் சுரண்டினாள். அடிப்பது சுலபம், சுரண்டுவது அப்படியல்ல. நல்ல பெயிண்ட், நன்றாகப் பிடித்திருந்தது. தின்னரை ஊற்றி ஊற்றித் தேய்க்கும்போது கண் எரிந்தது. அவன் முன்னால் போய்க்கொண்டே இருந்தான், கொஞ்ச நேரத்தில் ஆள் மறைந்துவிட்டான்.

கொஞ்சம் பிந்தித்தான் அவள் அந்தப் பாதையைப் பார்த்தாள். இறங்குகிறவளுக்கு அது வேறு பாதையாக இருந்தது. வழி இதுதானா என்று சந்தேகம் வருகிற ஒவ்வொரு இடத்திலும், சரியாக அந்தச் சந்தேகம் வருகிற அடியில், கண்ணுக்கு நேரே ஒரு அம்பு நின்றது. மதில் வளைகிற இடத்தில், மரநிழலில் கண் இருட்டுகிற இடத்தில், குளத்தைப் பார்த்து மயங்கி நின்றுவிடக்கூடிய இடத்தில் என்று எங்கும் நின்றது. யாரோ முகம் தெரியாத வழிப்போக்கனுக்கு எந்த அடியில் பயம் வரும் என்றெல்லாம் யோசித்து வைத்திருக்கிறார் அந்த மனுஷன். கட்டிக்கொண்டவளைப் பற்றி அப்படி ஒரு நாள், ஒரு நிமிஷம் யோசித்ததுண்டா? டீக்கடை வழியாக வரும்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாகக் கடந்தாள்.

இரண்டு நாள் ஆயிற்று சுரண்டி முடிக்க. இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது இஸ்திரிக்காரம்மா அவளைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அறையில் பாதிச் சாமான் மூட்டையாகிக் கிடந்தது. குறிக்காரர் விழித்திருந்தார். கண்கள் மூட்டைகளின் மேலிருந்து அவளுடைய கைகளுக்கு வந்தன. நகக்கண்ணில் மஞ்சள் தூள், உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

அழக் கூடாது, கத்தக் கூடாது, நோயாளி என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தாள். எல்லாம் உடைந்துபோயிற்று.

"ஒரு நாள்" என்றாள். "முப்பத்தொரு வருஷத்துல ஒரே ஒரு நாள் என்னையும் வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருந்தா, நானும் அந்தப் பக்கம் நின்னு பார்த்திருப்பேன்ல? கல்லுக்கு முகம் எது முதுகு எதுன்னு எனக்கும் தெரிஞ்சிருக்கும்ல? என்ன குறைஞ்சு போயிருப்பீங்க நீங்க? அங்க போய்ப் பாடுவீங்களாம், கதை சொல்லுவீங்களாம். எனக்கு முட்டி போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு நான் என்னங்க குறை வெச்சேன்? அங்க யார் யாருக்கோ வழி சொன்னீங்க. இப்ப எனக்கு ஒரு வழி சொல்லுங்க. உங்களைத் தூக்கிட்டு நான் எங்க போறது? எந்த வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

"ஆமா" என்றார் குறிக்காரர்.

"வாயை மூடுங்க!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்த்து அவள் சொல்லாத வார்த்தை அது.

அவர் வாயை மூடிக்கொண்டார். கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அவள் பார்வையைத் தாங்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். இடது காலை ஊன்றினார், இடது தோளை ஒரு தடவை எக்கினார், இன்னொரு தடவை எக்கினார். செத்துக் கிடந்த பாதி உடம்பு கூடவே வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மல்லாந்தே கிடந்தார், முகம் அவளுக்கு நேராகவே இருந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு கட்டில் பக்கத்தில் குனிந்து, ஒரு கையை அவர் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள்.